கோட்டுக்கு வெளியே நிற்கிற வேலை

கேள்வி:

"டீச்சர், எனக்கு 25 வயது. ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்கு விளையாட்டுத்தான் எல்லாம். பாடசாலையில் 400 மீற்றர் ஓடினேன், வலைப்பந்து விளையாடினேன். மாகாண மட்டம் வரை போனேன், அதற்கு மேல் போகக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிகமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒன்றரை வருடமாகப் பின்னேரங்களில் எங்கள் ஊர் மைதானத்தில் 14 பெண் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கி வருகிறேன். இதையே தொழிலாக்க ஆசை. அப்பாவோ, 'ஓடி விளையாடி ஆரு சோறு திண்ட?' என்று கேட்கிறார். தேசிய மட்டத்தில் ஓடாத நான் பயிற்றுநர் ஆகலாமா? விளையாட்டின் மேல் உள்ள ஆசை மட்டும் போதுமா? பிள்ளைகள் தோற்றால் எனக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது, அவ்வளவு ஆசை. இன்னொரு விஷயம். 8ஆம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எல்லாரிலும் கெட்டிக்காரி, பெரியபிள்ளையான பிறகு மைதானத்துக்கு வருவதில்லை. தாய் விடுகிறா இல்லை. என்ன செய்யலாம்?"

(கடிதத்தில் பிள்ளைகளின் பெயர்களும் அவரவர் ஓட்ட நேரங்களும் இருந்தன. அவற்றை இங்கே போடவில்லை.)

பதில்:

மகள்,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது சந்தோஷம்தான். வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் 14 பொம்பிளைப் பிள்ளைகள் பின்னேரத்தில் மைதானத்தில் ஓடுகிறார்கள் என்பது எங்கள் காலத்தில் கனவிலும் வராத காரியம். இரண்டாம் தரம் வாசித்தபோது ஒரு வரியில் கால் தடக்கிற்று. பிள்ளைகள் தோற்றால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது என்கிறீர்களே, அந்த வரி. உங்கள் ஆசைக்குச் சாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது காய்ச்சல் அடிக்கிற மாதிரித் தெரிகிறது. அதே காய்ச்சல் எனக்கும் பத்து வருடத்துக்கு மேல் அடித்தது. அதில் ஒரு பிள்ளையின் முழங்காலும் பாழாய்ப் போனது. ஆகவே என் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கிழவி கதை அளக்கிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

நான் களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் பிறந்தவள். அப்பாவின் ட்ரங்குப் பெட்டிக்குள் காணி உறுதிகளோடு ஒரு பேப்பர் துண்டும் கிடந்தது. 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற செய்தி அது. ஆசிய விளையாட்டில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம். 6 அடி 8 அங்குலம், இன்றைய அளவில் 2.03 மீற்றர். வாசிகசாலைப் பேப்பரிலிருந்து அப்பா களவாக வெட்டி எடுத்தவர். அதோடு விடாமல், வீட்டுச் சுவரில் 6 அடி 8 அங்குலத்தில் கரியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தார். வருகிற போகிறவர்களையெல்லாம் அதன் கீழே நிறுத்தி, "இதுக்கு மேலால பாய்ஞ்சிருக்கான் நம்மட ஆள்" என்பார். அப்பா வாழ்நாளில் ஒரு நாளும் பாய்ந்தவர் இல்லை. வட்டைக்குப் போய் வயல் செய்கிற மனிதர்.

அம்மப்பாவுக்கு வேறு பைத்தியம், கொம்புமுறி. கண்ணகை அம்மனுக்காக ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகள் இரண்டைக் கொளுவி, வடம் கட்டி இழுக்கிற விளையாட்டு. இழுத்த இளந்தாரிகளைவிடக் கொம்பு கட்டுகிற கிழவர்களைப் பற்றித்தான் அம்மப்பா அதிகம் கதைப்பார். அவர்கள் வடத்தில் கை வைக்கமாட்டார்களாம். கொம்பைத் தட்டிப் பார்ப்பார்கள், கட்டைத் தடவிப் பார்ப்பார்கள், பிறகு விலகி நிற்பார்கள். அந்தக் கதையின் பெறுமதி எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கிற்று.

1978 நவம்பர் 23இல் சூறாவளி. எனக்கு 14 வயது. விடிந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை. தோட்டத்துத் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துக் கிடந்தன. பெரியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த அந்தக் கிழமைகளில், பள்ளிக்கூடமும் இல்லாத நாங்கள் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஓடினோம். அண்ணன்மார் ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் நின்று, தத்தி, பிறகு பாய்ந்தார்கள். எனக்கு எப்படியோ இரண்டு மரத்துக்கு நடுவே மூன்று எட்டு என்று காலுக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. மூன்று எட்டு, ஒரு பாய்ச்சல். மூன்று எட்டு, ஒரு பாய்ச்சல். ஊர் அழிந்து கிடந்த நேரத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததை இன்றைக்கும் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகு உடற்கல்வி சேர் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேர் சட்டவேலி ஓட்டம் மகள்" என்றார்.

அதன் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் நான் நன்றாக ஓட வேண்டிய வயதில் ஓட்டப் போட்டி இல்லை. 1983க்குப் பிறகு யுத்தம், பஸ்ஸே ஓடாத நாட்கள், பிள்ளைகள் எங்கே ஓடுவது? 19, 20 வயதில் என் காலில் இருந்த வேகத்தை ஒரு ஸ்டொப்வோச்சும் அளக்கவில்லை. அது உள்ளுக்குள்ளேயே கிடந்து புளித்தது.

1988இல் உடற்கல்வி ஆசிரியையாக நியமனம் கிடைத்தது. அந்த வயதில் எனக்குத் தெரிந்த பழக்குகிற முறை ஒன்றுதான்: பிள்ளைகளோடு சேர்ந்து நானும் ஓடுவது. ஓடினேன். ஒவ்வொரு நாளும் வென்றேன். பிள்ளைகள் கைதட்டும், எனக்கு மனம் குளிரும். ஒரு நாள் பாடசாலைக் காவலாளி ஐயா மைதானக் கரையில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தவர் கேட்டார்: "டீச்சர், நீங்க நாளாந்தம் புள்ளையளோட ஓடி வெல்லுறீங்க. புள்ளையள் எப்ப வெல்லுற?"

அந்த இடத்திலேயே ஞானம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தத் தவணை முடியும்வரை வீம்புக்கு இன்னும் வேகமாக ஓடினேன். அடுத்த தவணையில்தான் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கத் தொடங்கினேன். ஒரு கிழமைக்குள் நான் கண்டவை என்னை வெட்கப்பட வைத்தன. ஒரு பிள்ளை இடது குதியை மண்ணில் அழுத்தியே ஓடுகிறாள். இன்னொருத்தி வளைவில் மூச்சை அடக்கிக்கொள்கிறாள். ஒருத்தி மத்தியானம் சாப்பிடாமல் வருகிறாள் என்பது அவள் நாலாவது சுற்றில் வாயைத் துடைக்கிற விதத்தில் தெரிந்தது. அவர்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

நீங்கள் கேட்டீர்களே, ஆசை மட்டும் போதுமா என்று. அந்த ஆசைதான் உங்களை மைதானத்துக்குக் கொண்டுவந்தது, இனியும் விடியற்காலையில் எழுப்பிவிடப் போவதும் அதுதான். அது இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது. சம்பளத்துக்காக விசில் ஊதுகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த ஆசையை அப்படியே பிள்ளையின் தலையில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் அந்த முழங்கால் கதை.

1996. அவனுக்கு 13 வயது, 800 மீற்றர். கால் நீளமான பிள்ளை, ஒரே வருடத்தில் கிறுகிறுவென்று வளர்ந்தான். "முழங்காலுக்குக் கீழ நோகுது மிஸ்" என்று சொன்னான். "எண்ணெய் பூசிக்கொண்டு ஓடு மனே" என்றேன். வலயப் போட்டியில் முதலாம் இடம். வெற்றிலைக்கார ஐயாவே எழும்பி நின்று கைதட்டினார். மாகாணப் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது பிள்ளைக்குப் படி இறங்க முடியவில்லை. அதோடு ஓட்டம் நின்றது. பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை. நானும் போய்த் தேடவில்லை, அதுதான் பெரிய பிழை.

சில வருடம் கழித்துக் கொழும்பில் பயிற்றுநர்களுக்கான ஒரு பயிற்சி நெறிக்குப் போனேன். ஒரு வைத்தியர் எக்ஸ்ரே படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் சடுதியாக வளர்கிற காலத்தில் எலும்பு முந்திக்கொண்டு நீளும், தசையும் தசைநாணும் பின்தங்கும். முழங்கால் சிரட்டையிலிருந்து வருகிற தசைநாண், கணைக்கால் எலும்பில் இன்னும் முற்றாத குருத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஓடினால், பாய்ந்தால் இழுவை கூடும். அந்த இடம் வீங்கும், நோகும், முண்டு வைக்கும். ஒஸ்கூட், ஷ்லாட்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கொரு நாட்டிலிருந்து இதை எழுதி வைத்த வருடம் 1903. 1903இல் எழுதி வைத்த விஷயம் 1996இல் எனக்குத் தெரியாது. வைத்தியர் சொன்னார், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓட்டத்தைக் குறைத்தால், வளர்ச்சி அடங்குகிறபோது இதுவும் அடங்கிவிடும் என்று. கொஞ்சக் காலம் பொறுத்திருந்தால் அவன் திரும்ப ஓடியிருப்பான்.

அன்றிரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. அவன் ஓடியது 800 மீற்றர். நான் அவனை வைத்து ஓடியது 1983க்குப் பிறகு நடக்காமல் போன என்னுடைய ஓட்டம். அவன் இப்போது கல்முனையில் கடை வைத்திருக்கிறார். கண்டால் காற்சட்டையை மேலே இழுத்து முழங்கால் முண்டைக் காட்டி, "டீச்சர், இந்தா உங்கட மெடல்" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு நேரம் பேசாமல் இருப்பேன்.

இப்போது உங்கள் வரிக்கு வருவோம். "மாகாணம் வரை போனேன், அதற்கு மேல் போகக் கிடைக்கவில்லை." அடுத்த பக்கத்தில், "தோற்றால் சோறு இறங்காது." இந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு கயிறு ஓடுகிறது மகள், எனக்குத் தெரிகிறது. தோற்ற நாளில் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது பிள்ளைகளோடு ஒன்றாக இருந்து சாப்பிடுவது. நீங்கள் பட்டினி இருந்தால், டீச்சருக்கு நாங்கள் அநியாயம் செய்துவிட்டோம் என்று அவர்கள் நினைப்பார்கள். 12 வயதுப் பிள்ளைக்கு அது தாங்காத பாரம். கொஞ்சக் காலத்தில் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் போட்டிக்கு வராமலே விடுவார்கள்.

சாப்பிட்ட பிறகு ஒரு சீ.ஆர். கொப்பியை எடுங்கள். என்னிடம் அப்படி 31 கொப்பி இருக்கிறது, கறையான் தின்றது போக. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். அன்றைய நேரம், போன மாதத்து நேரம், உயரம், என்ன சாப்பிட்டு வந்தாள், எங்கே நோகிறது. உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சுவரில் நிறுத்தி அளந்து எழுதுங்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 11, 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் 13, 14 வயதிலும் சடுதியாக வளர்வார்கள். அந்தக் காலத்தில் நேற்று வரை நன்றாக ஓடிய பிள்ளை திடீரென்று தடுமாறும், நேரம் கூடும். சோம்பேறி ஆகிவிட்டாள் என்று ஏசாதீர்கள். அவளுக்கு வந்திருப்பது புதுக் கால், பழக நாள் எடுக்கும்.

தேசிய மட்டத்தில் ஓடாதது குறையா? மட்டக்களப்பு டவுனில் இருக்கிற வெபர் மைதானம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய யேசுசபைத் துறவி, வெபர் அடிகளார். அவர் இளமையில் எத்தனை பதக்கம் வென்றவர் என்று இந்த ஊரில் எவரும் கேட்டு நான் அறியேன். அவரிடம் பழகியவர்களின் பெயரைத்தான் சொல்வார்கள். சொல்லப்போனால், மிக வேகமாக ஓடுகிறவர்களில் பலருக்குப் பழக்க வராது. அவர்களுக்கு உடம்பு தானாகவே செய்துவிடும், எப்படிச் செய்தது என்று வாயால் சொல்லத் தெரியாது. மாகாண மட்டத்தில் நின்றுபோனவளுக்கு எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எந்த இடத்தில் மனம் விடும் என்று தெரியும். 400 மீற்றரில் கடைசி 100இல் கால் கல்லாகிற அந்தக் கணம் உங்களுக்குத் தெரியாததா?

தெரியாததைத் தேடிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு சின்ன உதாரணம், அஞ்சலோட்டம். 4×100இல் கோல் மாற்றுகிற பகுதி முன்பு 20 மீற்றர். அதற்கு முன்னால் 10 மீற்றரில் ஓடத் தொடங்கலாம், ஆனால் கோலை வாங்கக் கூடாது. 2017இல் விதியை மாற்றி முழு 30 மீற்றரையும் மாற்றும் பகுதியாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் பழைய கோட்டைச் சுண்ணாம்பால் கீறி வைத்த ஒரு போட்டியில் நான் விதிப் புத்தகத்தோடு நின்று வாதாடியிருக்கிறேன். ஆசையை வைத்து வாதாட முடியாது, புத்தகம் வேண்டும்.

அஞ்சலோட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசையாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல ஊர் மைதானமும் நாலு சோடிச் சப்பாத்தும் மட்டும் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. நாலு பிள்ளைகளின் தனித்தனி 100 மீற்றர் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். அஞ்சல் நேரம் அந்தக் கூட்டுத்தொகையை விடக் குறைய வேண்டும், ஏனென்றால் மூன்று பேர் ஓடிக்கொண்டே கோலை வாங்குகிறார்கள். குறையவில்லை என்றால் பிழை காலில் இல்லை, கையில். வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பாதத்தால் அளந்து பின்னால் ஒரு அடையாளம் வைத்து, வருகிறவள் அதை மிதித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஓட வேண்டும். "வை" என்ற சத்தத்துக்குக் கை பின்னால் போகும். பிள்ளைகளுக்குள் சண்டை என்றால் அன்றைக்குக் கோல் விழும். எனக்கு வகுப்பறையில் தெரியாத சண்டையெல்லாம் அந்த 30 மீற்றரில் தெரிந்தது. முதலாம் ஆளும் மூன்றாம் ஆளும் வளைவில் ஓடுகிறவர்கள், அங்கே நெட்டைக் கால் உள்ளவர்களைவிட எட்டுக் குறுகிய பிள்ளைகள் நன்றாகத் திரும்புவார்கள். உங்கள் பட்டியலில் ஆக வேகம் குறைந்தவள் அங்கே உதவக்கூடும். பார்த்துச் சொல்லுங்கள்.

போட்டியே இல்லாத பயிற்சியும் உண்டு. 2005 தை மாதம், சுனாமி முகாம் ஒன்றுக்கு ஒரு பந்தும் ஒரு கயிறும் கொண்டு போனேன். பழக்க தோஷத்தில் விசிலை ஊதிவிட்டேன். பிள்ளைகள் வெருண்டு ஓடிப்போய்ப் பெரியவர்களைக் கட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அங்கே கைதட்டல் மட்டும். மண்ணில் கோடு கீறிக் கிளித்தட்டு மறித்தோம். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, வாயே திறக்காமல் இருந்த ஒரு பொடியன் "டீச்சர் அளாப்புறா!" என்று கத்தினான். நான் கோட்டை மிதித்துவிட்டேனாம். உண்மைதான், மிதித்தேன். என் தொழிலில் எனக்குக் கிடைத்த வெற்றி எது என்று கேட்டால் அந்தச் சத்தத்தைத்தான் சொல்வேன்.

சரி, சோற்று விஷயம். அப்பா பிழையாகக் கேட்கவில்லை. கூட்டுறவுச் சங்க வேலையை இப்போது விடாதீர்கள். காலையில் கணக்கு, பின்னேரம் மைதானம் என்று இன்னும் இரண்டு வருடம் போகட்டும். கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்வி நெறி இருக்கிறது, ஆனால் வயதெல்லை உண்டு, உங்களுக்கு அது இறுக்கம். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டப்படிப்பு இருக்கிறது, அது உயர் தரம் முடித்த கையோடு போகிறவர்களுக்கு. உங்கள் பிள்ளைகளில் ஒருத்திக்குச் சொல்லி வையுங்கள். உங்களுக்குப் பொருந்துவது கொழும்பில் உள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தின் நெறிகளும், அந்தந்த விளையாட்டுச் சம்மேளனங்கள் நடத்துகிற படிமுறைப் பயிற்றுநர் சான்றிதழ்களும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்கிற பழக்கம் வரட்டும். முதல் வேலையாகப் பிரதேச செயலகத்துக்குப் போய் விளையாட்டு உத்தியோகத்தரைக் காணுங்கள். ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு கழகமாகப் பதியுங்கள். 14 பிள்ளைகளோடு ஒருத்தி தனியே நிற்பதைவிட, பதிவு இலக்கத்தோடு நின்றால் மைதானம் கேட்கவும் பந்து கேட்கவும் வாய் வரும். சிங்களமும் கொஞ்சம் படியுங்கள். நான் போன நெறியில் பாதி விரிவுரை அந்த மொழியில்தான் நடந்தது. பக்கத்தில் இருந்த அநுராதபுரத்து டீச்சர் ஒருவர் படம் கீறிக் காட்டித்தான் நான் பாஸ் பண்ணினேன். தமிழில் நான் அவருக்குக் கிளித்தட்டு பழக்கினேன், கணக்குச் சரி.

பெரிய பணம் இதில் வராது. நான் ஆசிரியச் சம்பளத்தில் வாழ்ந்தவள், பயிற்றுநர் என்ற பெயரால் வந்தது பெரும்பாலும் பஸ் காசு. இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

இனி அந்த 8ஆம் வகுப்புப் பிள்ளை. உங்கள் கடிதத்தில் எனக்கு ஆக முக்கியமானது இதுதான், நீங்களோ கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். சாமத்தியச் சடங்கோடு ஓட்டத்தை விட்ட பெண் பிள்ளைகளை என் கொப்பிகளில் எண்ணினால் மனம் கசக்கும். அவள் ஆசை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் போங்கள். பிள்ளையைக் கூப்பிட அல்ல, தாயோடு கதைக்க. அடுப்படியில் இருந்து கதையுங்கள், விறாந்தையில் கதிரை போட்டுக் கதைத்தால் அது அதிகாரி வந்த மாதிரி ஆகிவிடும். முதல் நாள் ஓட்டம் பற்றி வாயே திறக்க வேண்டாம். "என்னகா, எப்படி இருக்கிறா புள்ள?" என்பதோடு நிறுத்துங்கள்.

தாய்க்குப் பயம் மூன்று நாலு இருக்கும். இருட்டு, உடுப்பு, ஊர்வாய், மாதத்து நாட்கள். ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் கையில் மறுமொழி இருக்க வேண்டும். இருட்டுக்கு: ஐந்தரைக்குப் பயிற்சி முடியும், அந்த ஒழுங்கையில் உள்ள மூன்று பிள்ளைகளை நானே கொண்டுவந்து விடுவேன். உடுப்புக்கு: முழுக் காற்சட்டையோடு ஓடட்டும். போட்டி உடுப்பைப் போட்டி வரும்போது பார்ப்போம். நான் அம்பாறை மாவட்டத்தில் படிப்பித்த காலத்தில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு ஓடிய பிள்ளைகள் கட்டாத பிள்ளைகளை வென்றதைக் கண்டவள். மாதத்து நாட்களுக்கு: விருப்பம் என்றால் வரலாம், நோவு என்றால் வீட்டில் இருக்கலாம், யாரும் காரணம் கேட்கமாட்டோம். மைதானத்துக்குப் பக்கத்தில் கதவு பூட்டக்கூடிய ஒரு மலசலகூடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்து வையுங்கள். பல பிள்ளைகள் வராமல் விடுவதற்கு உண்மைக் காரணம் அதுவாக இருக்கும், வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள். ஊர்வாய்க்கு மருந்து இல்லை. தாயையே கிழமைக்கு ஒரு நாள் மைதானத்துக்கு வந்து இருக்கச் சொல்லுங்கள். இரண்டு தாய்மார் வேப்பமர நிழலில் இருந்தால் ஊர் வேறு கதை கதைக்கும்.

இரத்தசோகையையும் கவனியுங்கள். அந்த வயதில் களைப்பு என்று வருகிற பெண் பிள்ளைகள் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும். மருத்துவ மாதுவிடம் காட்டச் சொல்லுங்கள். முருங்கையிலை, பொன்னாங்காணி, சின்ன மீன், பக்கத்தில் கொஞ்சம் தேசிக்காய்ப்புளி. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கச் சொல்லுங்கள். நம்மட ஆட்களுக்கு இந்த ஒன்றுதான் ஆகக் கஷ்டம். பிறகு கச்சான் காற்று வீசுகிற ஆடி, ஆவணியில் நாலு மணிக்குப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். அந்தக் காற்று வியர்வையைத் தெரியாமல் உறிஞ்சிவிடும், பிள்ளை விழுந்த பிறகுதான் தெரியும். அந்த மாதங்களில் விடியப்புறம் ஓடட்டும்.

கண்டிப்பாக ஒன்று. எந்தப் பிள்ளையையும் தனியே அறைக்குள் கூப்பிடாதீர்கள். தசை பிடித்தால் நாலு பேர் பார்க்க, பிள்ளையைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். வெளியே இருந்து உதவிக்கு வருகிறவர் எவ்வளவு பெரிய வீரர் ஆனாலும் இதே சட்டம். பிள்ளைகளின் படத்தைத் தாய் தகப்பனைக் கேட்காமல் போனில் போடாதீர்கள். பெண்தானே நான், எனக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நீங்கள் போட்டு வைக்கிற வழக்கம்தான் நாளைக்கு உங்களுக்குப் பதில் வருகிறவரையும் கட்டும்.

மூன்றாம் தரம் கடிதத்தை வாசித்தபோது, வாத்தியார் புத்தி விடாமல் பெயர்களை எண்ணினேன். 14 பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேகமான பிள்ளையில் தொடங்கி, நேரங்களோடு நீங்கள் எழுதிய பெயர்கள் 12. வராமல் நின்ற அந்தக் கெட்டிக்காரியும் அந்தப் பன்னிரண்டுக்குள் இருக்கிறாள். விடுபட்ட இரண்டு பேர் யார் மகள்? அவர்களின் பெயரையும், அவர்கள் ஓடும்போது நீங்கள் கண்ட ஏதாவது ஒன்றையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.